இரண்டு மீட்டர் தூரத்தில் மதுரை: 23 மி.மீ. லென்ஸோடு ஏழு வருடம்

2018 நவம்பரில் ஒரு மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா பாடியும் 23 மி.மீ. எஃப் 2 லென்ஸும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 46,000 ரூபாய். அன்றிலிருந்து அந்த பாடியில் வேறு லென்ஸ் மாட்டியதே இல்லை. ஞாயிறு காலைகள், வேலை சீக்கிரம் முடிந்த சாயங்காலங்கள், திருவிழா நாட்கள் என்று மதுரைக்குள் ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரம் முறை ஷட்டரை அழுத்தியிருக்கிறேன். புதிதாக வாங்கிய வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்களுக்குப் பஞ்சமில்லை. ஏழு வருடம் புழங்கிய பிறகு ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்கிறவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது), 24 மெகாபிக்சல், இந்த அளவு லென்ஸ் என்றால் எந்தக் கம்பெனி கேமராவுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

23 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் 35 மி.மீ. பார்வைக்குச் சமம். எண்ணை விட்டுவிட்டு தெருவில் நின்று பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும். ஒருவரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால், படத்துக்குள் சுமார் இரண்டு மீட்டர் அகலம் அடங்கும். தரையில் உட்கார்ந்து பூ விற்கும் ஒரு அம்மா, அவர் முன்னால் இருக்கும் தட்டு, தராசு, பக்கத்தில் ஒரு கூடை எல்லாம் வந்துவிடும். ஆளை மட்டும் பெரிதாக எடுத்து மற்றதை வெளியே தள்ள இந்த லென்ஸ் விடாது. இரண்டு மீட்டர் என்பது பேசும் தூரமும்கூட. அந்த தூரத்தில் நிற்கிறவனைப் பார்த்து எதிரில் இருப்பவர் ஏதாவது கேட்காமல் இருக்க மாட்டார்.

இதற்கு முன் என்னிடம் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் 55-200 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தது. விளக்குத்தூண் பக்கம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் போகிறவர்களை எடுப்பேன். முகங்கள் துல்லியமாக விழும், பின்னணி அழகாகக் கரையும். ஒரு வருடப் படங்களை ஒன்றாகப் பார்த்தபோது எதிலும் மதுரை இல்லை. அந்த முகங்கள் திருச்சியில் இருந்திருக்கலாம், சேலத்தில் இருந்திருக்கலாம். நான் ஜூமை விற்றதற்கு அதுதான் காரணம்.

புது லென்ஸோடு முதலில் போனது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். விடியுமுன்னே அங்கே வியாபாரம் சூடு பிடித்துவிடும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லி. சாக்கிலிருந்து கொட்டும்போது வரும் வாசம் கடைசிப் படிவரை துரத்தும். ஒரு வயதான அம்மாவின் முன்னால் நின்று கேமராவைத் தூக்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏய்யா, பத்திரிகையா?"

"இல்லத்தா, சும்மா ஆசைக்கு எடுக்கிறேன்."

"ஆசைக்கா? அப்ப எனக்கு ஒரு படம் கொண்டாந்து குடு."

அடுத்த ஞாயிறு 4×6 அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். தன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் விரல் வைத்தது பூக்குவியலில். "அன்னைக்கு மொட்டு நல்லா வந்துச்சு. கிலோ தொள்ளாயிரத்துக்குப் போச்சு" என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டி, "இதப் பாரு, அந்த வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு மொத நாளு" என்று தேதியையே சொன்னார். நான் வெளிச்சத்தையும் கோணத்தையும் பார்த்து எடுத்த படத்தை அவர் ஒரு கணக்குப் பேரேடு மாதிரி வாசித்தார். அன்று முதல் ஒவ்வொரு படத்தோடும் தேதி, இடம், அன்றைக்கு அங்கே கேட்ட ஒரு விவரம் மூன்றையும் எழுதி வைக்கிறேன். பூ விலை, பஸ் தாமதம், எந்தக் கடை மூடியது என்று எதுவானாலும் சரி. ஏழு வருடத்தில் 640 பிரிண்ட் கொடுத்திருக்கிறேன். இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த செலவுகளில் எனக்கு உறுத்தாத செலவு அதுதான்.

செட்டிங் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பகலில் ஆட்டோஃபோகஸை நான் தொடுவதில்லை. அப்பெர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துளை) எஃப் 8, ஃபோகஸ் இரண்டரை மீட்டரில் பூட்டி வைத்துவிட்டால் ஏறக்குறைய 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். நடக்கிறவர்களுக்கு ஷட்டர் வேகம் 1/250 போதும், சைக்கிளுக்கு 1/500. எடுக்கும் நேரத்தில் கேமராவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே அழுத்தலாம்.

பூ மார்க்கெட்டில் ஒரு பிரச்சினையில் பல மாதம் சிக்கினேன். எல்.இ.டி. விளக்கடியில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்த படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கறுப்பு விழுந்தது. கேமராவில் கோளாறு என்றே நினைத்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50-ல் எடுத்தால் பட்டை போய்விடுகிறது. இன்னொன்று, இருட்டுப் பின்னணியில் விளக்கடி மல்லி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறைத்தால்தான் மொட்டு மொட்டாகத் தெரியும். வெளுத்துப்போன பூவை எந்த சாஃப்ட்வேராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

வெளிச்ச விஷயத்தில் மதுரைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் சதுரம் சதுரமாக ஓடுகின்றன, ஏறக்குறைய திசைக்கு நேராக. மார்ச், செப்டம்பர் மாதங்களின் கடைசி வாரங்களில் சூரியன் நேர் கிழக்கில் எழுவதால், தெற்கு மாசி வீதியிலும் வடக்கு மாசி வீதியிலும் காலை வெயில் தெருவின் முழு நீளத்துக்கும் படுத்துக்கொண்டு வரும். கடை வாசலில் தண்ணீர் தெளிப்பவர், மூட்டை இறக்குபவர், பால் கேன் சைக்கிள் எல்லாருக்கும் பின்னாலிருந்து ஒளி. ஒன்பது மணி ஆனதும் அது முடிந்துவிடும். உச்சி வெயிலில் நான் திருமலை நாயக்கர் மகாலுக்குள் போய்விடுவேன். அந்தப் பெரிய தூண்களின் நிழலில் பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதை எத்தனை முறை எடுத்தாலும் சலிக்கவில்லை.

சித்திரைத் திருவிழாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த கேமராவின் பலவீனம் எனக்கு முழுதாகப் புரிந்தது அங்கேதான். 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் அழகர் வைகையில் இறங்கவில்லை. 2022 ஏப்ரல் 16 அதிகாலை, இரண்டு வருட ஏக்கத்தையும் சேர்த்துக்கொண்டு ஊரே ஆற்றுக்குள் நின்றது. ஆல்பர்ட் விக்டர் பாலத்துப் பக்கம் நகரக்கூட இடமில்லை. அழகர் தூரத்தில் ஒரு பொன்னிறப் புள்ளியாகத் தெரிந்தார். 23 மி.மீ.யில் அவர் புள்ளியாகத்தான் விழுவார். அது தெரிந்தே போயிருந்தேன். எனக்கு வேண்டியது என்னைச் சுற்றி இரண்டு மீட்டரில் இருந்தது. சொம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே சூடம் ஏற்றிக் கைநடுங்க ஏந்தியிருந்த ஒரு அக்கா. அப்பாவின் தோளில் தூங்கிப்போன சின்னக் கருப்பசாமி, தலையில் வேஷத் தொப்பி சரிந்து அப்பாவின் காதை மறைத்திருந்தது. தோப்பறையோடு (தண்ணீர் பீய்ச்சும் தோல் பை) வந்திருந்த ஒரு பெரியவர், தோலை அமுக்கித் தண்ணீர் பீய்ச்சும்போது கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தண்ணீர்தான் என் கேமராவுக்குள்ளும் போனது. இந்த பாடிக்கு நீர்த்தடுப்பு கிடையாது. ஒரு பிளாஸ்டிக் கவரும் ரப்பர் பேண்டும் போட்டிருந்தால் தப்பியிருக்கும். மத்தியானத்துக்குள் பின் திரை செத்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி, சிலிகா ஜெல்லோடு நான்கு நாள் மூடி வைத்தும் திரை வரவில்லை. ரிப்பேருக்கு 7,800 ரூபாயும் ஆறு வாரமும் ஆனது. படங்கள் தப்பின. திரை இல்லாமல் வ்யூஃபைண்டரை மட்டும் நம்பி எடுத்த கடைசி முப்பது படங்களில்தான் அந்தத் தோப்பறைப் பெரியவர் இருக்கிறார்.

மற்ற பராமரிப்பு விஷயங்கள் சுருக்கமாக. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கேமராவைத் தோல் பையிலேயே விட்டு வைத்ததில் லென்ஸுக்குள் நூல் நூலாகப் பூஞ்சை பிடித்தது. இப்போது காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஈரப்பத மானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். பேட்டரி ஆரம்பத்தில் 300 படம் தாங்கியது, இப்போது 180, அதனால் பையில் எப்போதும் இன்னொன்று. 2023 பொங்கலுக்கு முந்தின நாள் கரும்புக் கட்டு இறக்குவதை எடுத்த மெமரி கார்டு வீட்டுக்கு வந்ததும் திறக்கவில்லை. 212 படங்கள் போயின. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறேன், அதில் ஒன்று திருமங்கலத்தில் தங்கை வீட்டில் இருக்கிறது.

வேண்டாம் என்று கை காட்டியவரை எடுப்பதில்லை. எடுத்த பிறகு சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். தூங்குகிறவர்களையும் பிச்சை எடுப்பவர்களையும் எடுப்பதில்லை, அவர்களிடம் கேட்க வழியில்லை அல்லது அவர்கள் மறுக்கும் நிலையில் இல்லை. கோயிலுக்குள் கேமராவுக்கு இடமில்லை, 2018-லிருந்து கைபேசியும் கூடாது. அதில் எனக்குக் குறையே இல்லை, உள்ளே போகும்போது கும்பிடத்தான் போகிறேன்.

இந்த வேலை எதற்கு என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். நான் காட்டுவது 1858-ல் வெளியான மதுரைப் படங்களை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மெழுகேற்றிய காகித நெகட்டிவில் எடுத்தவை. நாயக்கர் மகால், புதுமண்டபம், தெப்பக்குளம் எல்லாம் கல் கல்லாகத் தெரிகின்றன. ஆட்கள்தான் அபூர்வம். ஒரு படத்துக்கே வெகுநேரம் வெளிச்சம் தேவைப்பட்ட காலம், நடமாடியவர்கள் காகிதத்தில் பதியவே இல்லை. அன்றைக்கும் அங்கே பூ விற்றிருப்பார்கள், மூட்டை தூக்கியிருப்பார்கள். ஒருவர் முகமும் நம்மிடம் இல்லை. எனக்கு 1/250 நொடி போதும். அந்த வசதி கையில் இருக்கும்போது கோபுரத்தை மட்டும் எடுத்துவிட்டு வருவதற்கு மனம் ஒப்பவில்லை.

அதே புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடிய காலத்தை நான் எடுத்திருக்கிறேன். யாளித் தூணடியில் உட்கார்ந்து தைத்த ஒரு அண்ணனிடம் மாதம் ஒரு முறையாவது போய்விடுவேன். கடைகளெல்லாம் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது அவரும் போனார். சில மாதம் கழித்து, பழைய இடத்துப் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். நான் ஐந்து படங்களைக் கொண்டுபோனேன். மேலே வைத்திருந்தது, தூண் இடைவெளியில் வந்த வெயில் அவர் கையிலும் துணியிலும் மட்டும் விழுந்த படம். என் ஏழு வருடத்தில் நல்ல படம் என்று நான் நினைப்பவற்றில் ஒன்று. அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, ஐந்தாவதை எடுத்தார். வெளிச்சம் சுமார்தான். வலது ஓரத்தில் இன்னொருவரின் பாதி உடம்பும் மெஷினும் வெட்டுப்பட்டு நின்றன.

"அண்ணே, இந்த ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிட்டுப் போட்டா நல்லாருக்கும்" என்றேன்.

"வெட்டாதீங்க தம்பி. பக்கத்து மெஷின்காரரு இருக்காப்ல பாருங்க. இங்க வராம தொழிலையே விட்டுட்டாரு. இருபத்திரெண்டு வருஷம் அவரு கத்திரிக்கோலத்தான் நான் வாங்கி வெட்டுவேன்."

அப்படியே 12×18 அங்குலத்தில் போட்டுக் கொடுத்தேன். ஜூம் வைத்திருந்தால் அந்தப் பாதி மனிதர் அதில் இருந்திருக்க மாட்டார். இரண்டு மீட்டரில் நின்று, இரண்டு மீட்டர் அகலத்தை வாங்கும் லென்ஸ் என்பதால் தானாக உள்ளே வந்துவிட்டார்.

புது பாடி வாங்கலாமா என்று யோசித்தேன். இப்போது வருகிறவற்றில் நீர்த்தடுப்பு இருக்கிறது, இருட்டில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்) 6400 வரை பயமில்லாமல் போகலாம்; என்னுடையதில் 3200 தாண்டினால் புள்ளி தெரியும். ஷட்டர் தானாக நிற்கும்வரை இதையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். எப்போது மாற்றினாலும் லென்ஸ் இதே அளவுதான்.

போன ஞாயிறு சத்திரத்துக் கடையில் அந்த அண்ணனை, சுவரில் மாட்டிய படத்துக்குக் கீழே உட்காரச் சொல்லி எடுத்தேன். பிரிண்ட் இரண்டு கேட்டிருக்கிறார், ஒன்று அவருக்கு, இன்னொன்று அந்தப் பக்கத்து மெஷின்காரருக்கு. வர்ற ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.