கிளிமஞ்சாரோ நிதிதிரட்டும் மலையேற்றம்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்ற செப்டம்பரில், நோயுற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நிதி திரட்டும் மலையேற்றப் பயணத்தில் சேர்ந்து, லண்டனிலிருந்து தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்குச் சென்று வந்தேன். என்னை நம்பி உறவினரும் நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் கொடுத்த 4,310 பவுண்டில் 2,480 பவுண்டு, பயணத்தை நடத்திய தனியார் நிறுவனத்தின் கணக்குக்குப் போயிருக்கிறது என்பது ஊர் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அந்தப் பணத்துக்கு அவர்கள் விற்ற 7 நாள் ஏற்றத்தையும் 6 நாளாகக் குறைத்துவிட்டார்கள். நிறுவனத்தின் பெயரை எழுதாமல் இருக்கிறேன். புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டுக்கான ஆள்சேர்ப்பு இப்போதே தொடங்கிவிட்டதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

பயண நிறுவனத்தின் அறிமுகக் கூட்டத்தில் எங்களிடம் சொல்லப்பட்டது மிகவும் எளிமையாக இருந்தது. பதிவுக் கட்டணம் 350 பவுண்டு. அது திரும்பக் கிடைக்காது. அதன் பிறகு குறைந்தது 3,900 பவுண்டு நன்கொடை திரட்ட வேண்டும். விமானச் சீட்டு, கிளிமஞ்சாரோ தேசியப் பூங்கா அனுமதி, கூடாரம், உணவு, வழிகாட்டிகள் எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். ‘அந்தச் செலவை யார் தருகிறார்கள்’ என்று ஒருவர் கேட்டபோது, மேடையில் இருந்தவர் ‘பதிவுக் கட்டணமும் எங்கள் ஆதரவாளர்களும்’ என்று பதில் சொன்னார். நான் அதை அப்படியே நம்பினேன். கையெழுத்திட்ட படிவத்தின் 14ஆவது விதியில், திரட்டப்படும் தொகையிலிருந்து பயணச் செலவு கழிக்கப்படலாம் என்று ஒரே ஒரு வரி இருந்ததை நான் படிக்கவில்லை. அது என் தவறு. ஆனால் விதியில் ஒன்றை எழுதிவிட்டு மேடையில் அதற்கு மாறாகச் சொல்வது அவர்களுடைய தவறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

நன்கொடை கேட்டுப் போன இடங்களில் நானும் அதையேதான் சொன்னேன். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்குப் பேரனை அழைத்து வரும், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, மஞ்சள் தடவிய உறையில் 51 பவுண்டு வைத்துக் கொடுத்தார். இரண்டு 20 பவுண்டுத் தாள்கள், ஒரு 10 பவுண்டுத் தாள், மேலே ஒரு நாணயம். ‘தம்பி, இது முழுக்கப் பிள்ளையளுக்குத்தானே போகும்?’ என்று கேட்டார். ‘முழுக்கப் போகும் அம்மா’ என்றேன். இந்தப் பதிவை எழுத என்னைத் தூண்டியது, மலையில் பட்ட எந்தத் துன்பத்தையும் விட, அந்த ஒரு பதில்தான்.

ஏமாற்றத்தின் முதல் அடையாளம் மலையடிவாரத்திலுள்ள மோஷி நகரில், மலையேறுவதற்கு முந்தைய மாலையில் தெரிந்தது. எங்கள் குழுவில் 11 பேர். மச்சாமே பாதையில் 7 நாள் என்றுதான் பயணத் திட்டத்தில் அச்சிட்டிருந்தார்கள். தலைமை வழிகாட்டி தம் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, பூங்கா அனுமதி 6 நாளுக்குத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது என்று தயக்கத்துடன் சொன்னார். லண்டன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். ‘6 நாளும் வழக்கமான திட்டம்தான், பலரும் அப்படித்தான் ஏறுகிறார்கள்’ என்றார்கள். 6 நாளில் ஏறுபவர்கள் இருப்பது உண்மை. ஆனால் நாங்கள் வாங்கியது 7 நாள்.

ஒரு நாளைக் குறைப்பதில் எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். பூங்காக் கட்டணம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 டாலர், கூடாரமிட்டுத் தங்க இரவொன்றுக்கு 50 டாலர், அதன் மேல் 18 விழுக்காடு வரி. ஆக ஒருவருக்கு 141 டாலருக்கு மேல். 11 பேருக்கு 1,550 டாலரைத் தாண்டுகிறது. சாப்பாடும் ஊழியர் கூலியும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்த ஒரு நாள் எந்த இடத்தில் வெட்டப்பட்டது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மச்சாமே பாதையில் மூன்றாம் நாள் சுமார் 4,600 மீட்டர் உயரத்திலுள்ள லாவா டவர் வரை ஏறி, மீண்டும் 3,900 மீட்டர் அளவிலுள்ள பராங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குவார்கள். உயரத்துக்கு உடல் பழகுவதற்காக வகுத்த முறை அது. 7 நாள் திட்டத்தில், அடுத்த நாள் பராங்கோ சுவர் என்னும் செங்குத்தான பாறைச்சரிவில் ஏறி, சுமார் 4,000 மீட்டரிலுள்ள கரங்காவில் இரவு தங்கி, மறுநாள் அரை நாள் நடையில் 4,670 மீட்டர் அளவிலுள்ள பராஃபு முகாமை அடைந்து ஓய்வெடுக்கலாம். 6 நாள் திட்டத்தில் கரங்காவில் தங்குவது கிடையாது. காலையில் பராங்கோ சுவரில் கையூன்றி ஏறத் தொடங்கியவர்கள், மாலையில் பராஃபுவை அடைந்து, சில மணி நேரம் கண்ணை மூடிவிட்டு, அன்று நள்ளிரவே 5,895 மீட்டர் உயர உகுரு சிகரத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். உடல் பழக வேண்டுமானால் 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரே இரவில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்று மலை மருத்துவர்கள் சொல்வார்கள். கரங்காவை விட்டதால் நாங்கள் ஒரே நாளில் சுமார் 700 மீட்டர் உயர்ந்துவிட்டோம்.

எங்களுடன் வந்த ஐம்பது வயதைத் தாண்டிய பெண் ஒருவர், பராஃபுவுக்கு வந்து சேர்ந்தபோதே தலைவலியால் துடித்துக்கொண்டிருந்தார். இரவு பத்து மணிக்கு வாந்தி எடுத்தார். கூடாரத்துக்கு வெளியே வந்தபோது குடித்தவரைப் போலக் கால் பின்னித் தடுமாறினார். உயரத்தில் இருப்பவருக்கு இப்படி நடை தடுமாறினால் மூளை வீக்கத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். விளம்பரக் கையேட்டில் ‘ஆக்சிஜன் சிலிண்டரும் ஆக்சிமீட்டரும் எப்போதும் உடனிருக்கும்’ என்று எழுதியிருந்தார்கள். இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று இருந்தது, அதன் மின்கலம் தீர்ந்திருந்தது. சிலிண்டர் இல்லவே இல்லை. தலைமை வழிகாட்டி பக்கத்துக் குழுவிடம் ஓடி அவர்களுடைய சிலிண்டரை இரவல் வாங்கி வந்தார். பிறகு துணை வழிகாட்டி ஒருவரும் சுமைதூக்கும் இளைஞர்கள் இருவரும் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் அவரை, இறங்கும் பாதையிலுள்ள ம்வேகா முகாம் பக்கமாகத் தாங்கி இறக்கினார்கள். கீழே போகப் போகத் தெளிந்து, மறுநாள் பேசும் நிலைக்கு வந்துவிட்டார். அவர் உயிர் பிழைத்தது அந்த மூன்று பேராலும், முகம் தெரியாத அந்தப் பக்கத்துக் குழுவாலும்தான். நான் சிகரத்தை அடைந்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த இளைஞர்களைப் பற்றி எழுதியாக வேண்டும். அவரைத் தாங்கி இறக்கிய இருவரில் ஒருவரின் காலணி, முன்புறம் பிளந்து கட்டுக்கம்பியால் சுற்றப்பட்டிருந்தது. கம்பி அறுத்த இடத்தில் காலுறை ஈரமாகி உறைந்திருந்ததை, மறுநாள் ம்வேகா முகாமில் அவர் காலணியைக் கழற்றியபோது பார்த்தேன். சுமைதூக்குவோர் ஒவ்வொருவரும் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மச்சாமே வாயிலில் எடை போட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் வாயிலைத் தாண்டிய பிறகு இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவர்கள் சுமையை மற்றவர்கள் தலையில் ஏற்றியதை நானே கண்டேன். அவர்களுக்குத் தனிக் கூடாரம் இல்லை. நாங்கள் சாப்பிட்டு முடித்து எழுந்த பிறகு, அதே உணவுக் கூடாரத்தின் தரையில் நெருக்கிப் படுத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை உகாலி என்னும் மக்காச்சோளக் களி. கூலியைப் பற்றிக் கேட்டபோது, சென்ற பயணத்துக்கே இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்று வழிகாட்டியின் வழியாகச் சொன்னார்கள். நோயுற்ற குழந்தைகளின் பெயரால் திரட்டிய பணத்தில் 2,480 பவுண்டு பயணச் செலவுக்கு என்று எடுத்துக்கொண்டவர்கள், சுமை சுமந்தவருக்கு ஒரு காலணிக்கு வழி செய்யவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் தொண்டு நிறுவனத்துக்கு எழுதிக் கணக்குக் கேட்டேன். அவர்களுடைய பொருளாளர் ஒரு வாரத்தில் நேர்மையாகப் பதில் அனுப்பினார். பயண நிறுவனம் என் பெயரில் 2,480 பவுண்டுக்குக் கட்டணப் பட்டியல் அனுப்பியிருந்தது. அதில் ‘மச்சாமே, 7 நாள்’ என்றே இருந்தது. குழந்தைகளுக்கு மிஞ்சியது 1,830 பவுண்டு. இன்னொன்றையும் அவர் விளக்கினார். திரட்டிய நிதியிலிருந்தே பயணச் செலவு கொடுக்கப்படுவதால், என் மனைவியும் தம்பியும் கொடுத்த நன்கொடைக்குக் கிஃப்ட் எய்ட், அதாவது நன்கொடையோடு அரசு சேர்த்துத் தரும் வரித்தொகை, கோர முடியாது. நெருங்கிய உறவினர் கொடுக்கும் பணம் என் பயணத்துக்கே உதவுவதாக வரித்துறை கருதும். நன்கொடைப் பக்கத்தில் அவர்கள் கிஃப்ட் எய்ட் கட்டத்தில் குறியிட்டபோது இதை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு தரும் 25 பென்ஸும் அவர்கள் தொகைக்கு இல்லாமல் போயிற்று.

இத்தகைய பயணங்கள் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. பயணச் செலவு முழுவதையும் தன் கைப்பணத்திலிருந்து கட்டிவிட்டு, திரட்டும் நன்கொடை அனைத்தையும் தொண்டு நிறுவனத்துக்கே சேர்ப்பிக்கும் முறை ஒன்று இருக்கிறது. பல நிறுவனங்கள் இரண்டு முறைகளையும் முன்வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. எங்களுக்குக் கைப்பணத்திலிருந்து கட்டும் வழி சொல்லப்படவே இல்லை. நன்கொடையிலிருந்துதான் செலவு போகும் என்றால், அதைக் கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெரிந்து கொடுப்பவர் கொடுக்கட்டும். ஆகவே, நீங்கள் சேரப்போகிறீர்கள் என்றால், உங்கள் பெயரில் வரும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் தொண்டுப் பணிக்குப் போவது எத்தனை என்று தொண்டு நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள், பயண நிறுவனத்திடம் கேட்காதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் தொண்டு ஆணையத்தின் பதிவேட்டில் அந்தத் தொண்டு நிறுவனத்தின் எண்ணும் ஆண்டுக் கணக்கும் இருக்கின்றன. அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மலையில் வேலை செய்பவர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். மோஷியில் கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, சுமைதூக்குவோருக்கு முறையான கூலியும் உணவும் தங்குமிடமும் தருகின்ற நிறுவனங்களைக் கண்காணித்துத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. லண்டனில் இருப்பவர்கள் பெரும்பாலும் தரகர்களே. மலையில் நடத்துவது உள்ளூர் நிறுவனம் ஒன்று. அந்த உள்ளூர் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, அது இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரைச் சொல்ல மறுத்தால் அத்துடன் விட்டுவிடுங்கள். உங்கள் பயணக் காப்பீடு 6,000 மீட்டர் வரை செல்லுமா என்பதையும் பாருங்கள். எங்களில் இருவரின் காப்பீடு 4,000 மீட்டரோடு நின்றுவிட்டது என்பது பராஃபுவில்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

என் புகாரின் நிலை இது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தொகுப்புப் பயண விதிமுறைகளின்படி, உள்ளூர் ஒப்பந்தக்காரர் செய்த குறைக்கும் பயணத்தை விற்ற நிறுவனமே பொறுப்பு. அதைச் சுட்டிக்காட்டி, குறைந்த நாளுக்கும் இல்லாத ஆக்சிஜனுக்கும் ஈடாக ஒரு பகுதியைத் தொண்டு நிறுவனத்துக்கே திருப்பித் தருமாறு கேட்டிருக்கிறேன். முதலில் ‘வானிலை காரணமாகத் திட்டம் மாறியது’ என்றார்கள். 6 நாளுக்கான அனுமதிச் சீட்டில், நாங்கள் லண்டனை விட்டுக் கிளம்புவதற்கு மூன்று வாரங்களுக்கு முந்தைய தேதி இருந்ததைப் படமெடுத்து அனுப்பினேன். அதன் பிறகு பதில் இல்லை. நிதி திரட்டலை ஒழுங்குபடுத்தும் அமைப்பிடம் இப்போது முறையிட்டிருக்கிறேன். தொண்டு நிறுவனமும் அந்தத் தரகரோடு தொடர்பை நிறுத்திவிட்டதாகத் தெரிவித்திருக்கிறது.

கொடுத்த அனைவருக்கும் கணக்கை எழுதி அனுப்பினேன். யாழ்ப்பாணத்து அம்மாவிடம் மட்டும் நேரில் சென்று சொல்லி, 51 பவுண்டைத் திருப்பி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ‘நீங்களே பிள்ளையளின்ரை இடத்துக்கு நேராக் கட்டிவிடுங்கோ தம்பி, துண்டை எனக்குக் கொண்டுவந்து காட்டுங்கோ’ என்றார். கட்டிவிட்டேன்; ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதே நிறுவனம் வருகிற பிப்ரவரிக்கு ‘மச்சாமே, 7 நாள்’ என்று மீண்டும் விளம்பரம் செய்கிறது, வேறொரு தொண்டு நிறுவனத்தின் பெயரில். ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள், 7 நாளுக்கான பூங்கா அனுமதிச் சீட்டின் நகலைக் கையில் வாங்கும் வரை மீதித் தொகையைக் கட்ட வேண்டாம்.