கூரைக்கு ஸ்பிரே ஃபோமா, ராக்வூலா? ஈரத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

மரச்சட்டங்களின் மேல் அமைந்த சாய்வுக் கூரைக்கு வெப்பக்காப்பு செய்யும் வேலையை அண்மையில் எங்கள் வீட்டில் முடித்தோம். எங்கள் முன் இருந்தவை இரண்டு வழிகள். கைமரங்களுக்கு இடையே, கூரைப் பலகையின் அடிப்பக்கத்திலேயே, க்ளோஸ்டு செல் வகை (ஒவ்வொரு நுண்குமிழியும் தனித்தனியே மூடிய) பாலியூரித்தேன் நுரையைப் பீய்ச்சி ஒட்டவைப்பது ஒன்று. அதைத்தான் ஸ்பிரே ஃபோம் என்கிறார்கள். அதே இடைவெளியில் பாறை இழையாலான ராக்வூல் பலகைகளை இறுக்கமாகச் செருகி, அவற்றின் உட்புறத்தில் காற்றுப் புகாத தாளைத் தனியாக ஒட்டி மூடுவது மற்றொன்று. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். ஆகவே இந்த ஒப்பீடு ராக்வூல் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

எளிதில் தீர்ந்துவிடும் செய்திகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஒரே தடிமனுக்கு ஸ்பிரே ஃபோம் கூடுதலாக வெப்பத்தைத் தடுக்கும். அதன் வெப்பக்கடத்து எண் (W/mK; குறைவாக இருந்தால் நல்லது) ஏறத்தாழ 0.022 முதல் 0.028 வரை, ராக்வூலுக்கு அது 0.033 முதல் 0.040 வரை. நடைமுறையில், 125 மில்லிமீட்டர் நுரை செய்யும் வேலைக்கு 180 மில்லிமீட்டர் ராக்வூல் தேவைப்படும். தீயைப் பொறுத்தவரை ராக்வூலுக்கே முதலிடம்: உருக்கிய பாறையிலிருந்து இழுத்த அந்த இழைகள் 1000 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பாலியூரித்தேன் எரியும் என்பதால், ஆட்கள் புழங்கும் அறையில் அதன்மேல் ஜிப்சம் போர்டு போன்ற ஒரு தடுப்பு கட்டாயம் வேண்டும். மழை ஓசையைக் குறைப்பதிலும் ராக்வூலே மேல். பழைய செய்தித்தாளை அரைத்து போரான் உப்பு கலந்து ஊதும் செல்லுலோஸ் என்ற மூன்றாவது வழியும் உண்டு. கிடைமட்டப் பரண் தரைக்கு அது மிக நன்று; எங்களுடையது சாய்வுக் கூரை என்பதால் அதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

காற்றுக்கசிவில் ஸ்பிரே ஃபோமின் வலிமையை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். பீய்ச்சிய சில நொடிகளிலேயே அது பொங்கி, ஆணித் துளை, ஒயர் நுழையும் ஓட்டை, மரமும் சுவரும் சேரும் கோணல் இடுக்கு என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடைத்துவிடும். ராக்வூலோ காற்றைத் தடுக்காது, வடிகட்ட மட்டுமே செய்யும். பழைய வீடுகளின் பரணில் கிடக்கும் கம்பளி வகைக் காப்பைப் புரட்டிப் பார்த்தால், ஒயர் ஏறிவரும் துளைக்கு நேர் மேலே மட்டும் கரும்புகை படிந்தது போன்ற திட்டு இருக்கும். வீட்டுக் காற்று ஆண்டுக்கணக்கில் அந்த வழியாகத் தப்பிச் சென்றபோது விட்டுச்சென்ற தூசி அது. வெதுவெதுப்பான காற்று மேலெழும்பி உச்சியில் உள்ள ஓட்டைகள் வழியே வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட வெளிக்காற்று கீழ்த்தளத்து இடுக்குகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே ராக்வூலைத் தேர்பவர்கள் தாள், டேப், சீலன்ட் ஆகியவற்றால் காற்றடைப்பைத் தனி வேலையாகவே செய்தாக வேண்டும். அதைச் செய்ய மனமோ பொறுமையோ இல்லாதவர்களுக்கு ஸ்பிரே ஃபோமே மேல். இதில் எனக்கு ஐயமில்லை.

காற்றோடு சேர்ந்து நீராவியும் போகிறது என்பதால்தான் இது இவ்வளவு முக்கியமாகிறது. 22 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் கொண்ட அறைக்காற்று, ஏறத்தாழ 14 டிகிரிக்குக் கீழ் உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகப் படியும். குளிர்ந்த விடியற்காலையில் காப்பில்லாத பரணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே நீட்டும் ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் ஒரு நீர்த்துளி நிற்பதைக் காணலாம். மரத்தைவிட உலோகம் வேகமாகக் குளிர்வதால் முதல் துளி அங்கேதான் திரளும். பலகையின் ஊடாகப் பரவிச் செல்லும் நீராவியைவிட, ஓர் ஓட்டை வழியே காற்று சுமந்துசெல்லும் நீராவி பல மடங்கு அதிகம். காற்றை அடைப்பதே ஈரத்தை அடைப்பதில் பெரும்பகுதி.

இதுவரை படித்தவருக்கு ஸ்பிரே ஃபோமே வெல்வது போலத் தோன்றலாம். எங்கள் முடிவைத் திருப்பியது வேறொரு கேள்வி. எந்தக் கூரையும் என்றாவது ஒருநாள் ஒழுகும். ஓடு நகரும், புகைபோக்கியைச் சுற்றிய தகடு துருப்பிடிக்கும், குழாய் வெளியேறும் இடத்துப் பூச்சு விரியும். அன்றைக்கு உள்ளே புகுந்த நீர் கண்ணுக்குத் தெரியுமா, நனைந்த மரம் காயுமா, காப்பைக் கழற்றி மீண்டும் போட முடியுமா?

ஸ்பிரே ஃபோம் கூரைப் பலகையோடு பசைபோல ஒட்டிக்கொள்வது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தடிமனில் அது நீராவியையும் பெருமளவு தடுத்துவிடும். மேலிருந்து நீர் இறங்கினால், அது நுரைக்கும் பலகைக்கும் இடையிலோ கைமரத்தின் ஓரமாகவோ ஊர்ந்து, ஒழுகும் இடத்துக்குத் தொடர்பில்லாத வேறொரு மூலையில் வெளிப்படலாம், அல்லது நெடுங்காலம் வெளிப்படாமலே இருக்கலாம். மேலே நீர்புகாத விரிப்பு, கீழே நுரை என்று இருபுறமும் மூடப்பட்ட பலகை காய்வதற்கு வழியே இல்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை கவலையில்லை. 30 சதவீதத்தை நெருங்கி அங்கேயே நின்றால் அழுகல் பூஞ்சை தொடங்கிவிடும். சந்தேகம் வந்து திறந்து பார்க்கலாம் என்றாலோ, நுரையை அறுத்தும் சுரண்டியும்தான் எடுக்க வேண்டும். பல சமயம் பலகையும் சேர்ந்து பெயர்ந்துவரும். விற்பனையிலும் இது எதிரொலிக்கிறது. கூரை மரத்தைப் பார்த்துச் சோதிக்க முடியவில்லை என்ற காரணத்தால், ஸ்பிரே ஃபோம் பீய்ச்சிய வீடுகளுக்கு அடமானக் கடன் தர பிரிட்டனில் சில நிறுவனங்கள் மறுத்துவருகின்றன.

ராக்வூலில் இவை எல்லாமே தலைகீழ். வேலை முடிந்து முதல் பெருமழையில் புகைபோக்கியின் ஓரம் கொஞ்சம் நீர் இறங்கியது. பலகைகளைக் கடந்து தாளின் மேல் தேங்கி, டேப் ஒட்டிய விளிம்பில் துளித்துளியாக அது காட்டிக்கொடுத்தது. அந்த இடத்தில் இன்னும் ஜிப்சம் போர்டு அடிக்கவில்லை என்பது எங்கள் நல்வாய்ப்பு. தாளைக் கத்தியால் கீறி, நனைந்த பலகைகளை உருவி எடுத்து நிமிர்த்திவைத்தோம். நீர் தானாக வடிந்தது, இழைகள் உருவம் கெடவில்லை. இரண்டு முள் கொண்ட ஈரமானியைக் கைமரத்தில் குத்தி அளவு பார்த்து, மின்விசிறியால் காயவைத்து, அளவு இறங்கிய பிறகு அதே பலகைகளைச் செருகி, புதிய டேப்பால் மூடினோம்.

இந்த அமைப்பு நீடித்து நிற்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று உண்டு. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் குடியேறப்பட்ட முதல் பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த ஆற்றலில் வெப்பத்தைப் பேணும் வீடு) கட்டடத்தின் கூரையில் 445 மில்லிமீட்டர் கனிமக் கம்பளியும் (ராக்வூலும் இந்த வகையே), அதன் உட்புறம் இடைவெளியின்றி ஒட்டிய பாலித்தீன் தாளும்தான் இருக்கின்றன. எங்கள் கூரையின் வயது அதற்கு அருகே கூட வராது என்பதால், நீண்டகால உறுதியை என் அனுபவத்தைக் கொண்டு நான் பேசுவதற்கில்லை.

தாள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பாலித்தீனை உட்புறம் ஒட்டுவது குளிர்ப் பகுதிகளுக்குப் பொருந்தும். ஏசி நாள் முழுதும் ஓடும் வெப்ப ஈரப் பகுதிகளில் நீராவி வெளியிலிருந்து உள்ளே வருவதால், அதே தாளின் முதுகில் நீர் படியும். 30 டிகிரியும் 70 சதவீத ஈரமும் கொண்ட வெளிக்காற்று 24 டிகிரியிலேயே நீராகத் தொடங்கிவிடும். அங்கே காற்றடைப்பையும் நீராவித் தடுப்பையும் வெளிப்புறமாக வைக்க வேண்டும். இரு பருவமும் கலந்த இடங்களுக்கு, வறண்ட காற்றில் இறுகி ஈரக்காற்றில் நீராவியை விடும் மாறுதன்மைத் தாள் பொருத்தமானது; நாங்கள் ஒட்டியது அதைத்தான்.

ஸ்பிரே ஃபோமையே நான் பரிந்துரைக்கும் இடங்களும் உண்டு. கைமரத்தின் ஆழம் மிகக் குறைந்து, காப்பைக் கீழே இறக்கினால் தலை இடிக்கும் கூரை ஒன்று. தாள் ஒட்டவே முடியாத கரடுமுரடான கருங்கல் அடித்தளச் சுவர் மற்றொன்று. அங்கும் இரண்டு திரவங்களைச் சரியான விகிதத்திலும் வெப்பத்திலும் கலக்கத் தெரிந்த ஆளே பீய்ச்ச வேண்டும், வேலை முடியும்வரை வீட்டார் வெளியே தங்க வேண்டும். விகிதம் தவறினால் நுரை சுருங்கி மரத்திலிருந்து விலகிவிடும், வாடையும் எளிதில் போகாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வீடு இறுக்கமான பிறகு குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களின் குழாய் பரணுக்குள் முடியாமல் கூரைக்கு வெளியே திறக்க வேண்டும். ராக்வூல் வழியில் செல்பவர்கள், ஜிப்சம் போர்டு அடிப்பதற்கு முன்பே ப்ளோவர் டோர் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. வாசலில் பொருத்திய மின்விசிறி வீட்டுக்குள் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கும்போது, தாளின் ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் ஊதுபத்தியைக் கொண்டுபோனால் புகை வளையும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. அந்த நிலையில் அதைச் சரிசெய்ய ஒரு துண்டு டேப் போதும்.