புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே நாய்த் தீனி: உறையூர்க் கடை ஒன்று

திருச்சி உறையூரில் ரெண்டு மாதமாக நான் போய்வரும் தீவனக் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. பாதி பாராட்டு, பாதி குறை என்று எழுதப்போகிறேன்; குறையைப் படித்துவிட்டு அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் வேறு கடை தேட வேண்டியிருக்கும். தவிடும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்கிற கடைகள் பலவற்றில் இப்போது ஓரமாக நாய்த் தீனி மூட்டையும் நிற்கிறது. உங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒரு கடை இருக்கும், அதற்கும் இது பொருந்தும்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாய்க் காப்பகத்திலிருந்து செவலையைக் கூட்டிவந்தோம். ஒன்றரை வயது இருக்கும் என்றார்கள். பெண். கருத்தடை ஆனதற்கு அடையாளமாக ஒரு காதில் 'வி' மாதிரி சின்ன வெட்டு. ஏதோ வண்டி மோதி ஆறிய பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். காப்பகத்தில் 'பிரவுனி' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் மாமியாருக்கு அது வாயில் நுழையவில்லை. நிறத்தைப் பார்த்து செவலை என்றார், அதுவே நின்றுவிட்டது.

வருவதற்கு முன்னால் நான் பெரிய கடை ஒன்றுக்குப் போய் 3,200 ரூபாய்க்கு மெத்தை, ரெண்டு எவர்சில்வர் கிண்ணம், ரப்பர் எலும்பு, மீன் படம் போட்ட தீனிப் பை எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். வந்தவள் நேராகப் பின்கட்டுக்குப் போய் ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. மீன் தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்து செய்த ஒரே காரியம், மெத்தைமேல் மூத்திரம் போனது. பெங்களூரில் இருக்கும் மகன் போனில், "மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்னு ஒரு கணக்கு இருக்கும்மா. மூணு நாள் பயம், மூணு வாரத்துல வீட்டு வழக்கம் பழகும், மூணு மாசத்துலதான் நம்ம வீடுன்னு நெனைக்கும்" என்றான். நான் கணக்கு டீச்சர்; இவ்வளவு ஒழுங்காக மூன்று மூன்றாக வருகிற கணக்கில் எனக்கு எப்போதும் சந்தேகம். தவிர, பட்டினி கிடக்கிற நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரத்தை யார் எண்ணுவது?

அன்று சாயங்காலம்தான் இந்தத் தீவனக் கடைக்குப் போனேன். வேறு ஏதாவது பத்து கிலோ மூட்டை வாங்கிவிடலாம் என்று எண்ணம்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். தோளில் துண்டு, புருவத்தில் தவிட்டுத் தூசி. நான் மூட்டையைக் காட்டியதும் எடுத்துத் தராமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எப்பக்கா வந்துச்சு?"

"நேத்து."

"அங்க என்ன போட்டாங்க?"

"நொய்ச் சோறு, கோழி. மஞ்சள் போட்டு வேகவெச்சு."

"அப்ப அதையே போடுங்க. சந்தையில மாடு புடிச்சா, வித்தவன்கிட்ட என்ன தீனி வெச்சேன்னு கேட்டுக்கிட்டுதான் கயித்தையே வாங்குவோம். எடமும் புதுசு, ஆளும் புதுசு. தீனியாச்சும் பழசா இருக்க வேணாமா?"

எனக்கு இது உறைக்கவே இல்லை, பாருங்கள். காப்பகத்தில் என்ன போடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கூட வைத்திருந்தேன். நம் வீட்டுக்கு வந்துவிட்டாள், இனிமேல் நல்லதாகச் சாப்பிடட்டும் என்று நான்தான் மாற்றினேன். அவர் ரெண்டு கிலோ நொய்யும், மூட்டையிலிருந்து கால் கிலோ தீனியும் அளந்து கொடுத்தார். 110 ரூபாய். பத்து கிலோ மூட்டை கேட்டு வந்தவளுக்கு 110 ரூபாய்க்கு விற்றுவிட்டு, "மூணு நாளைக்கு வெறும் சோறும் கறியும். அப்புறம் தீனியைக் கைப்பிடி கைப்பிடியா கலந்துக்கிட்டே போங்க. பாத்துக்கிட்டு நிக்காதீங்க, வெச்சுட்டு உள்ள போயிடுங்க" என்று சொல்லி அனுப்பினார். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்தேன். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மாமியார் எட்டிப் பார்த்து, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்றார். வைத்துவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தோம். ராத்திரி ரெண்டு மணி சுமாருக்குப் பின்கட்டில் கிண்ணம் மொசைக் தரையில் வழுக்கிக் கிறீச்சிடும் சத்தம், உடனே நகம் தடதடவென்று ஓடும் சத்தம். கிண்ணத்தின் சத்தத்துக்கே பயந்து ஓடிப்போயிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிறீச், மறுபடி ஓட்டம். இப்படி நாலு தடவை. என் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து, "போய்ப் பிடிச்சுக்கோயேன்" என்றார். நான் போகவில்லை. காலையில் கிண்ணம் வாசற்படிவரை நகர்ந்து போயிருந்தது. உள்ளே ஒரு பருக்கை இல்லை.

கிண்ணம் வழுக்காமலிருக்கக் கடைக்காரர் கொடுத்தது காலிக் கோணிச்சாக்கு, இருபது ரூபாய். கடலைப் புண்ணாக்கு வந்த சாக்கு. கிண்ணத்துக்கு அடியில் விரித்த சாக்கை அவள் ராத்திரியோடு ராத்திரியாக இழுத்துப்போய் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் போட்டு, மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டாள். புண்ணாக்கு வாசம் பிடித்துவிட்டது போல. கிண்ணத்துக்கு இன்னொரு சாக்கு வாங்கினேன். ஓரத்தைக் கடித்து நூல் நூலாகப் பிரிக்கிறாள். அதை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் நாள் பேதி. தீனி மாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். கடைசியில் மாமியார் தம்ளரில் பால் ஊற்றிக் கொடுத்தது தெரியவந்தது. "பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கேன்னுதான்..." என்றார். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. தீனிக் கலப்பை நிறுத்தி ரெண்டு நாள் நொய்க்கஞ்சி, தோல் நீக்கிய கோழி, வெந்த மஞ்சள் பூசணி, கூடவே நிறையத் தண்ணீர். சரியாகிவிட்டது.

கடைக்காரர் சொன்னதையெல்லாம் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொண்டதும் இந்தப் பேதி சமயத்தில்தான். கல்லாவுக்குப் பின்னால் ஒரு அலமாரி வைத்திருக்கிறார். கால்சியம் டானிக், ஈரல் டானிக், பூச்சி மாத்திரை, பெயர் தேய்ந்த பொடி என்று என்னென்னவோ. தீனி விஷயத்தில் 110 ரூபாயோடு அனுப்பியவர், இந்த அலமாரி பக்கம் திரும்பியதும் வேறு ஆளாகிவிடுகிறார். பேதிக்கு ஒரு புட்டி, எலும்புக்கு ஒரு புட்டி, "ரெண்டும் சேத்து 380தான்க்கா." நான் வாங்காமல் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். அங்கே டாக்டர், பையில் வரும், எல்லாச் சத்தும் சேர்ந்த முழுத் தீனி சாப்பிடுகிற நாய்க்குத் தனியாகக் கால்சியம் தேவையில்லை என்றார். வெறும் சோறும் கறியும் மட்டுமே மாதக்கணக்கில் போட்டால்தான் கால்சியம் பற்றாமல் போகுமாம். பூச்சி மாத்திரையும் எடை பார்த்துத்தான் கொடுத்தார். வெறிநாய்க்கடித் தடுப்பூசித் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் கோழி எலும்பை வேகவைத்துப் போடலாம் என்றும் சொல்லியிருந்தார். வெந்த எலும்பு ஈட்டி மாதிரி உடைந்து குடலைக் குத்தும், போடவே கூடாது. கழுத்தில் கட்ட இரும்புச் சங்கிலியும் எடுத்து நீட்டினார். கால் இழுக்கிற, ஆளைக் கண்டால் பின்வாங்குகிற நாய்க்குச் சங்கிலியா? மார்போடு மாட்டும் வாரை வேறு இடத்தில் வாங்கினேன்.

அதே சமயம், ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கிண்ணத்தை நகர்த்தப் போன என் கையைப் பார்த்துச் செவலை உறுமினாள். பயந்துதான் போனேன். வீட்டுக்காரர், ஒரு தட்டுத் தட்டி வைத்தால்தான் சரிப்படும் என்றார். கடைக்காரர் சிரித்தார். "தொட்டியில வாய் வெச்ச மாட்ட நீங்க தொடுவீங்களா? தெருவுல தின்னது. பாதி தின்னும்போது எவனாவது புடுங்கியிருப்பான்" என்றார். தள்ளி நின்று ஒரு கறித்துண்டைக் கிண்ணத்துப் பக்கம் வீசிவிட்டுத் திரும்பிப் போய்விடச் சொன்னார். தினமும் அதைச் செய்தேன். கை வந்தால் எடுக்காது, கொடுக்கும் என்று புரிவதற்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. இப்போது நான் பக்கத்தில் போனால் நிமிர்ந்து என் கையைப் பார்க்கிறாள்.

அளவுக்கு வருவோம். நாயைக் கூட்டிக்கொண்டு போனால் மூட்டை போடும் மேடைத் தராசில் ஏற்றி எடை பார்த்துத் தருகிறார், காசு கிடையாது. முதல் தடவை 11.4 கிலோ. கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கு ஒன்று உண்டு: எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கவே தேவையான கலோரி வரும். செவலைக்கு 434. கருத்தடை ஆன வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 695. நூறு கிராமுக்கு 350 கலோரி உள்ள தீனி என்றால் ஒரு நாளைக்கு 200 கிராம். கடைக்காரரின் அளவு வேறு. "ரெண்டு கை" என்றார். அவர் கையால் ரெண்டு கை அள்ளிப் போடச் சொல்லி, சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 190 கிராம். பிளஸ் டூ பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அடுக்கு எதற்கு டீச்சர் என்று கேட்பார்கள், அதனால் சொல்லவில்லை. இப்போது சோறும் கறியும் சாயங்காலம் கொஞ்சம், மீதியெல்லாம் தீனி, நாளுக்கு 130 கிராம்.

இனி பெரிய குறை. மூன்றாம் தடவை சில்லறையாக ரெண்டு கிலோ தீனி வாங்கினேன், கிலோ 160. அன்று ராத்திரி செவலை சோற்றையும் கறியையும் தின்றுவிட்டு, தீனியை மட்டும் ஒவ்வொன்றாக உதட்டால் ஒதுக்கிக் கிண்ணத்து விளிம்பில் வரிசையாக வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து முகர்ந்தேன். போன தீபாவளி முறுக்கை டப்பாவின் அடியில் கண்டெடுத்தால் வருமே, அந்தச் சிக்கு வாடை. மறுநாள் கடையில் மூட்டையைப் பார்த்தேன். வாயைச் சுருட்டிவிட்டுத் திறந்தபடி, மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் வைத்திருக்கிறார். கையை விட்டால் சின்னப் பழுப்பு வண்டு. மூட்டைத் தையலில் அச்சடித்த தேதி சரியாகத்தான் இருந்தது. புரதம் 20 சதம் என்றும் போட்டிருந்தது. வளர்ந்த நாய்க்கு, ஈரம் நீக்கிய கணக்கில், 18 சதம் என்று கால்நடைத் தீவனத்துக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு சொல்லும் குறைந்த அளவுக்கு அது மேலேதான். தயாரித்தவர்மேல் தப்பில்லை. தீனியின் மேல் பூசிய கொழுப்பு, காற்றும் வெயிலும் பட்டுக் கெட்டிருக்கிறது.

"நாய்க்கு என்னக்கா தெரியப்போவுது" என்றார். நான் ஒரு கைப்பிடியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். முகர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. புது மூட்டையைப் பிரித்து ரெண்டு கிலோ மாற்றிக் கொடுத்தார். ஆனால் அடுத்த வாரம் போனபோது அந்தப் புது மூட்டையும் அதே வெயிலில், அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. சொல்லியும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் சில்லறையில் வாங்குவதில்லை. மூன்று கிலோ மூடிய பை இங்கேயே கிடைக்கிறது, தேதி பார்த்து எடுக்கிறேன். பையோடு தகர டின்னுக்குள் வைத்து மூடினால் எங்களுக்கு மூன்று வாரம் வரும். கிலோவுக்கு எழுபது எண்பது ரூபாய் கூடுதல்தான். போகட்டும்.

ஆக, நொய்க்கும் சாக்குக்கும் மூடிய பைக்கும் அவருடைய மாட்டுக் கதைகளுக்கும் இந்தக் கடை. மருந்து அலமாரிக்கும் திறந்த மூட்டைக்கும் வேண்டவே வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

போன வாரம் செவலை தராசில் தானாகவே ஏறி உட்கார்ந்தாள். 13.6. அவர் ஒரு பொறையை உடைத்துப் பாதியைப் போட்டார், மீதியை அவரே தின்றார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது. ஜிபே உண்டு, பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். நாயைக் கூட்டிப்போகிறவர்கள் வாசலில் கட்டியிருக்கும் ஆட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள். அது நாய்க்குப் பயப்படுவதில்லை, முட்ட வரும்.