அந்தப் பத்து சதவீதம் யார்? கேனரி ரிலீஸுக்கு டிராஃபிக்கைப் பிரிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

புது வெர்ஷனை முதலில் ஒரு சிறு பங்கு பயனர்களுக்கு மட்டும் காட்டிச் சோதிப்பதுதான் கேனரி ரிலீஸ். அப்படித்தான் புது வெர்ஷனுக்கு 10 சதவீத டிராஃபிக்கைத் திருப்பினோம். பக்கம் உடைந்து வந்ததோ அதைவிட அதிகம் பேருக்கு. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது இது. புது கோடில்தான் கோளாறு என்று இரண்டு மணி நேரம் துழாவினோம். கோடு சரியாகவே இருந்தது. டிராஃபிக்கைப் பிரித்த விதம்தான் தப்பு.

வரும் ரிக்வெஸ்டுகளை சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் எங்கள் லோடு பேலன்சர் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டியது. ஒருவருக்கு ஹெச்டிஎம்எல் பக்கம் புது வெர்ஷனிலிருந்து வரும். அந்தப் பக்கம் கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் பெயரில் புது பில்டின் ஹாஷ் (அந்த வெர்ஷனுக்கே உரிய குறியீடு) ஒட்டியிருக்கும். அந்தக் கோப்பைத் தேடும் அடுத்த ரிக்வெஸ்ட் பழைய சர்வரில் போய் நிற்கும். அங்கே அப்படி ஒரு கோப்பே கிடையாது, 404. பழைய பக்கத்தை வாங்கியவரின் கோப்பு ரிக்வெஸ்ட் புது சர்வருக்குப் போனாலும் இதே கதிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பக்கம் புதிது, கோப்பு பழையது என்பதற்கு 10-ல் 90 சதவீதம்; பக்கம் பழையது, கோப்பு புதிது என்பதற்கு 90-ல் 10 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 18 சதவீதம். ஒரே ஒரு கோப்பு இருந்தாலே இவ்வளவு. பாதிக்குப் பாதி என்று உயர்த்தினால் இரண்டு பேரில் ஒருவருக்குப் பக்கம் உடையும்.

அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது எதைப் பிரிக்கிறது? இணைப்பையா, ரிக்வெஸ்டையா, ஐபி முகவரியையா, ஆளையா? எத்தனை சதவீதம் என்பதை எல்லாக் கருவியும் கேட்டு வாங்கிக்கொள்ளும். எதில் சதவீதம் என்பதைப் பல கருவிகள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இந்த ஒப்பீடு அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

எளிய வழி, பல சர்வர்களில் அப்ளிகேஷன்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸில் பாட் (அப்ளிகேஷனின் ஓடும் ஒரு பிரதி) எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பது. பழைய வெர்ஷனுக்கு 9 பாட், புதிதுக்கு 1, இரண்டுக்கும் முன்னால் ஒரே சர்வீஸ் (பொது முகவரி). கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் 1 சதவீதம் வேண்டுமென்றால் 100 பாட் ஓட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த முகவரிக்கு வரும் இணைப்பைப் பாட்டுக்கு அனுப்பும் கியூப் ப்ராக்ஸி, பாட்டைத் தேர்ந்தெடுப்பது இணைப்பு திறக்கும் அந்த நொடியில் மட்டும்தான். ஜிஆர்பிசி போல ஒரே இணைப்பைத் திறந்துவைத்து அதிலேயே ஆயிரக்கணக்கான அழைப்புகளை அனுப்பும் சர்வீஸ்களில் பத்துக்கு ஒன்று என்ற விகிதம் காகிதத்தோடு சரி. கியூவிலிருந்து வேலையை எடுத்துச் செய்யும் வொர்க்கர்களுக்கு இந்த முறை தாராளமாகப் போதும். மனிதர்கள் பார்க்கும் வலைப்பக்கத்துக்கு இதை நான் வைக்க மாட்டேன்.

தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் மூலம் பிரிப்பதும் உண்டு. அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53-ல் ஒவ்வொரு பதிவுக்கும் 0 முதல் 255 வரை எடை (எவ்வளவு பங்கு என்பதைச் சொல்லும் எண்) கொடுக்கலாம். இங்கே பிரிவது ஆட்கள் அல்ல, ரிசால்வர்கள், அதாவது பயனர்களுக்காக அந்த முகவரியைக் கேட்டுச் சொல்லும் சர்வர்கள். ஒரு ரிசால்வர் விடையை வாங்கி வைத்துக்கொண்டால், டிடிஎல் (விடையை வைத்துக்கொள்ளும் கால அளவு) முடியும்வரை அதன் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் ஒரே பக்கம் போவார்கள். தவறு தெரிந்து எடையை 0 ஆக்கினாலும் உடனே நிற்காது. ஒரு ரீஜியனிலிருந்து இன்னொன்றுக்கு மாற இது நல்ல வழி. வெர்ஷன் மாற்றத்துக்கு மந்தம்.

நுழைவாயிலிலேயே பிரிப்பதுதான் பெரும்பாலான அணிகளுக்குப் பொருந்தும். பல ஆண்டுகள், குபெர்னெட்டீஸுக்கு நுழைவாயிலாக இயங்கிய இன்கிரெஸ் என்ஜின்எக்ஸின் கேனரி வசதியைத்தான் நான் பயன்படுத்தினேன். முதலில் ரிக்வெஸ்டோடு வரும் தகவல் வரியான ஹெடரைப் பார்க்கும், பிறகு குக்கியை, கடைசியில்தான் எடையை. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. எடையை 0 ஆக வைத்துவிட்டு, ஹெடர் அனுப்பும் நம் டெஸ்டர்கள் மட்டும் ப்ரொடக்‌ஷனிலேயே புது வெர்ஷனைப் பார்க்கலாம். திருப்தி வந்த பிறகு எடையை ஏற்றலாம். ஆனால் எடை மட்டும் இருந்தால் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் பகடைதான். செஷன் அஃபினிட்டியையும் சேர்த்து இயக்கினால்தான் ஓர் ஆள் ஒரு வெர்ஷனிலேயே நிற்பார். இதைப் படித்துவிட்டு இன்று புதிதாக அதை நிறுவிவிடாதீர்கள். குபெர்னெட்டீஸ் சமூகம் பராமரித்துவந்த இந்தத் திட்டத்தை 2026 மார்ச்சோடு நிறுத்துவதாக 2025 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள்.

குபெர்னெட்டீஸே இல்லாமல் வெறும் என்ஜின்எக்ஸ் வலை சர்வரை ஓட்டுபவர்களுக்கு ஸ்ப்ளிட் கிளையன்ட்ஸ் என்றொரு மாட்யூல் இருக்கிறது. பலர் கண்ணில் படாத அருமையான சாதனம் அது. நாம் கொடுக்கும் ஒரு சொல்தொடரை மர்மர்ஹாஷ் 2 என்ற கணக்கீட்டைக் கொண்டு எண்ணாக்கி, அந்த எண் எந்த வீச்சில் விழுகிறது என்று பார்க்கும். பயனரின் அடையாளக் குக்கியைக் கொடுத்தால் அதே ஆளுக்கு எப்போதும் அதே எண். புது வெர்ஷனை முதல் வரியில் எழுதிவைத்தால் இன்னொரு நன்மை உண்டு: 10-ஐ 20 ஆக உயர்த்தும்போது முதல் 10 சதவீதத்தில் இருந்தவர்கள் புதிதிலேயே தொடர்வார்கள், யாரும் பின்னோக்கித் தள்ளப்பட மாட்டார்கள். ஹாஷுக்குக் கொடுக்கும் சொல்லில் ரிலீஸ் பெயரையும் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் ஒவ்வொரு ரிலீஸிலும் அதே ஆட்கள்தான் முதல் அடி வாங்குவார்கள். அது நியாயமில்லை.

குக்கியா ஐபியா என்ற கேள்வியைத் தெளிவாக எதிரெதிரே வைத்துக் காட்டுவது, அப்ளிகேஷன்களை ஓட்டித்தரும் சேவையான கூகுள் ஆப் இன்ஜின். அதில் ஐபி, குக்கி, ரேண்டம் என மூன்று தேர்வுகள். ஐபியில் பயனர் பக்கத்தில் எதையும் பதிக்க வேண்டியதில்லை என்பதால் வசதியாகத் தோன்றும். ஆனால் மொபைல் நெட்வொர்க்குகளில் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் ஏராளமானோர் இருப்பார்கள். ஓர் அலுவலகம் முழுவதும் ஒரே முகவரியில் வெளியே வரும். வீட்டு வைஃபையிலிருந்து தெருவில் இறங்கினால் முகவரி மாறும், அதோடு வெர்ஷனும் மாறலாம். குக்கி முறையில் ஆப் இன்ஜின் ஒவ்வொருவருக்கும் 0 முதல் 999 வரை ஓர் எண்ணைக் குக்கியாக வைத்துவிடுகிறது. ஆளைப் பிரிப்பது என்றால் இதுதான். அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்சரிலும் டார்கெட் குரூப்புகளுக்கு (சர்வர் குழுக்கள்) எடை கொடுத்து, குரூப் அளவிலான ஸ்டிக்கினெஸ்ஸை இயக்கினால் இதே பலன் கிடைக்கும். அதை இயக்க மறந்தால் மீண்டும் அந்த 18 சதவீதக் கதை.

அடுத்தது இஸ்டியோ, சர்வீஸ்களுக்கு இடையே ஓடும் டிராஃபிக்கை நிர்வகிக்கும் மெஷ். 2017-ல் கூகுள், ஐபிஎம், லிஃப்ட் மூன்றும் சேர்ந்து தொடங்கியது. அதில் உள்ள என்வாய் ப்ராக்ஸி ரிக்வெஸ்ட் அளவில் பிரிப்பதால் ஜிஆர்பிசி சிக்கல் தீர்கிறது. வாசலில் மட்டுமல்லாமல், உள்ளே ஒரு சர்வீஸ் இன்னொன்றை அழைக்கும் இடத்திலும் பிரிக்கலாம். வேறு எந்த வழியிலும் இது இவ்வளவு சுலபமில்லை. ஆனால் பலர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. கன்சிஸ்டென்ட் ஹாஷ் (ஒரே ஆளை ஒரே பாட்டுக்கு அனுப்பும் அமைப்பு) வைத்துவிட்டோம், ஆள் ஒட்டிக்கொள்வார் என்று நினைப்பார்கள். அது ஒரு சப்செட்டுக்குள் (ஒரே வெர்ஷனின் பாட் தொகுப்பு) எந்த பாட் என்பதை மட்டுமே தீர்மானிக்கும். எந்த வெர்ஷன் என்பது அதற்கு முன்பே எடையின் பகடையில் முடிவாகிவிடும். ஆளைக் கட்டிவைக்க வேண்டுமென்றால் குக்கியையோ ஹெடரையோ பார்க்கும் தனி விதியை நாமே எழுத வேண்டும். ஐந்தாறு சர்வீஸ் வைத்திருக்கும் சிறு அணி இதற்காக மட்டும் மெஷ்ஷை இழுத்துப் போட்டுக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

குபெர்னெட்டீஸில் டிராஃபிக்கை வழிநடத்தும் பொது விதிமுறையாக 2023 அக்டோபரில் 1.0 வந்த கேட்வே ஏபிஐதான் இப்போது என் தேர்வு. அதன் ஹெச்டிடிபி ரூட் என்ற விதியில் பழையது, புதிது என இரண்டு பேக்எண்டுகளையும் எழுதி எடை கொடுத்தால் போதும். எடைகள் சதவீதம் அல்ல, விகிதம். 9-க்கு 1 என்றாலும் 90-க்கு 10 என்றாலும் ஒன்றே. இஸ்டியோ, சிலியம், என்வாய் கேட்வே என்று பலரும் இதையே செயல்படுத்துவதால், அடியில் இருப்பதை மாற்றினாலும் நாம் எழுதிய ரூட்டில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். இங்கும் வெறும் எடை ஆளைக் கட்டிவைக்காது. முதல் வருகையிலேயே அப்ளிகேஷன் ஒரு குக்கி வைக்க, ரூட்டில் அதைப் பார்த்து அனுப்பும்படி நான் அமைக்கிறேன். இரண்டு வெர்ஷன்களின் ஸ்டாட்டிக் கோப்புகளையும் (ஜாவாஸ்கிரிப்ட் போன்றவை) ஒரே ஸ்டோரேஜில் போட்டுவிடுகிறேன். இந்த இரண்டாவது வேலையை மட்டும் செய்தாலே 404 தொல்லை ஒழிந்தது.

எடையை யார் ஏற்றுவது? கையாலும் ஏற்றலாம், ஆர்கோ ரோல்அவுட்ஸ், ஃபிளாகர் போன்றவை அளவீடுகளைப் பார்த்துத் தாமாகவே ஏற்றி இறக்கும். எதுவானாலும் எண்ணிக்கை போதுமா என்று பாருங்கள். நொடிக்கு 10 ரிக்வெஸ்ட் வரும் தளத்தில் 1 சதவீதத்தைப் புதிதுக்கு அனுப்பி 10 நிமிடம் காத்திருந்தால் அங்கே வந்திருப்பது 60 ரிக்வெஸ்ட். நூற்றில் ஒன்றை உடைக்கும் பிழை அதில் ஒருமுறைகூடத் தலைகாட்டாமல் இருக்க 55 சதவீத வாய்ப்பு. டேஷ்போர்டு பச்சையாக இருக்கும், பிழையும் உள்ளேயே இருக்கும். 95 சதவீத நம்பிக்கைக்கு ஏறக்குறைய 300 ரிக்வெஸ்ட் வேண்டும்: 1 சதவீதத்தில் 50 நிமிடம், 10 சதவீதத்தில் 5 நிமிடம். பெரிய நிறுவனங்களைப் பார்த்து 1 சதவீதத்தில் தொடங்கும் சிறு தளங்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

முழுவதுமாக விழுந்துவிடும் பிழைகளுக்கு இவ்வளவு நுணுக்கம்கூட வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. முதலில் ஒரு சிறு பங்குக்கு மட்டும் அனுப்பி, சற்றுப் பொறுத்திருந்தாலே தெரிந்திருக்கும் கோளாறு அது.

இந்த வழிகள் எதிலும் தீராத ஒன்று மிச்சமிருக்கிறது: இரண்டு வெர்ஷன்களும் ஒரே டேட்டாபேஸில் எழுதுகின்றன. எடையை 0 ஆக்கினால் டிராஃபிக் திரும்பும். புது வெர்ஷன் ஏற்கெனவே எழுதிவைத்த வரிசைகள் திரும்பாது. ஒரே தகவலை இரண்டு வெர்ஷன்கள் வெவ்வேறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2012-ல் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடல் 8 சர்வர்களில் ஒன்றில் புது கோடை ஏற்றாமல் விட்டுவிட்டது. புது கோடு வேறொரு வேலைக்கு எடுத்துக்கொண்ட பழைய ஃபிளாக்கை (ஒரு வசதியை இயக்கச் சொல்லும் குறி), அந்த ஒரு சர்வர் பழைய அர்த்தத்திலேயே படித்தது. ஆகஸ்ட் 1-ல் சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அதனால் டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையின் (column) பெயரை மாற்ற வேண்டுமென்றால் நான் அதை மூன்று ரிலீஸாக்குகிறேன். முதலில் புது நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுவது. அடுத்து, பழைய வரிசைகளையும் நிரப்பிவிட்டு, வாசிப்பதைப் புதிதுக்கு மாற்றுவது. அது முழு டிராஃபிக்கில் சில நாள் ஓடிய பிறகு, மூன்றாவதில் பழையதை நீக்குவது. கேனரி ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த நெடுவரிசையையும் நீக்குவதில்லை.