செக்-பியூட்டைல்லித்தியம் வாங்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எஸ்பிஎஸ், எஸ்ஐஎஸ் மாதிரியான ரப்பர்களை ஆய்வகத்தில் தாங்களே தயாரிக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுதும் படியுங்கள். கெமிக்கல் டீலர் ஒருவர் விற்ற ஒரே ஒரு பாட்டில் செக்-பியூட்டைல்லித்தியத்தால், அதாவது ரப்பர் சங்கிலியைத் தொடங்கிவைக்கும் திரவத்தால், என் பிஎச்டியில் நான்கு மாதம் போய்விட்டது. பதினோரு முறை செய்த பாலிமர் எதற்கும் உதவாமல் அலமாரியில் கிடக்கிறது. என் கை சுத்தமில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் செய்வது எஸ்பிஎஸ், அதாவது ஸ்டைரீன்-பியூட்டாடையீன்-ஸ்டைரீன். செருப்பு சோலிலும் சாலைத் தாரிலும் சேர்க்கிற அதே பொருள். சங்கிலியின் இரு முனையிலும் கெட்டியான பாலிஸ்டைரீன், நடுவில் நெகிழ்கிற பாலிபியூட்டாடையீன். முனைகள் ஒன்றுகூடிச் சில பத்து நானோமீட்டர் அளவில் முடிச்சுகளாகிவிடுவதால் கந்தகம் போட்டு வல்கனைஸ் செய்யாமலே ரப்பராக நிற்கும். 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் முடிச்சு இளகும், பிளாஸ்டிக் மாதிரி வார்த்துவிடலாம். ஆனால் சங்கிலி அளவுக்கு மீறி நீண்டுவிட்டால் எவ்வளவு சூடாக்கினாலும் ஒழுங்காக உருகி ஓடாது.

சங்கிலியின் நீளத்தை நாம் தீர்மானிக்க முடிவதுதான் இந்த எதிரயனிவழி முறையின் பெருமையே. மைக்கேல் ஸ்வார்க் 1956-இல் இதற்கு ‘உயிருள்ள பாலிமர்’ என்று பெயர் வைத்தார். தண்ணீரோ காற்றோ படாதவரை சங்கிலியின் முனை சாகாது, அடுத்த மோனோமரை (சங்கிலியில் கண்ணியாகச் சேரும் சிறு மூலக்கூறை) கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து வளரும். செக்-பியூட்டைல்லித்தியத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு சங்கிலியைத் தொடங்குகிறது. அதனால் கணக்கு மிக எளிது: மோனோமரின் கிராமைத் தொடக்கியின் மோலால் வகுத்தால் மூலக்கூறு எடை. ஒரு லட்சம் எடையுள்ள எஸ்பிஎஸ் 100 கிராம் வேண்டுமென்றால் 1 மில்லிமோல் போதும். 1.4 மோலார் கரைசலில் அது 0.71 மில்லி. அந்தத் துளியில் பாதி செத்திருந்தால் எடை இரண்டு மடங்காகிவிடும்.

போன மே மாதம் எங்கள் பாட்டில் தீர்ந்தது. வழக்கம்போல மூன்று கொட்டேஷன் வாங்கினோம். மற்ற இருவரையும்விட இரண்டாயிரம் ரூபாய் குறைவாகப் போட்டவருக்கு ஆர்டர் போனது. விதி அப்படி, என் கையில் இல்லை. பார்சல் லாரியில் வந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று லேபிளிலேயே இருக்கிறது, பெட்டிக்குள்ளே ஐஸ் பேக் ஒன்றுகூட இல்லை. தொட்டால் சுட்டது. பாட்டிலின் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி கொஞ்சம் படிந்திருந்தது. கொஞ்சம் படிவு இருப்பது சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். கூடவே வந்த சான்றிதழில் 1.4 மோலார் என்று அழகாக அச்சடித்திருந்தது. அதை நம்பினேன்.

முதல் தயாரிப்பில், பியூட்டாடையீன் விடுமுன் எடுத்த சாம்பிள், அதாவது முதல் பாலிஸ்டைரீன் பகுதி மட்டும், மூலக்கூறு எடையை அளக்கும் ஜிபிசி கருவியில் 33,000 காட்டியது. வர வேண்டியது 15,000. சைக்ளோஹெக்சேனில் ஈரம் இருக்கிறது என்றார் கைடு. அப்படிச் சொன்னதில் தவறில்லை. 700 மில்லி சைக்ளோஹெக்சேனில் வெறும் 10 பிபிஎம் தண்ணீர் இருந்தாலே 0.3 மில்லிமோல் தொடக்கி காலி. அதனால் கரைப்பானை மறுபடி வடித்தேன். ஸ்டைரீனைக் கால்சியம் ஹைட்ரைடு மேல் வைத்து வடித்தேன். ஆர்கான் சிலிண்டரை மாற்றினோம். கண்ணாடிக் குழாய்களை இரவெல்லாம் சூளையில் வைத்தேன். அடுத்தது 29,000, அதற்கடுத்தது 36,000. ஒவ்வொரு முறையும் வேறு எண், ஒவ்வொன்றும் இரண்டு மடங்கை ஒட்டி. ஸ்டைரீன் வளரும்போது வரும் ஆரஞ்சு நிறமும் வெளிறியே இருந்தது. முடித்து எடுத்த ரப்பரை 180 டிகிரியில் அழுத்தினால் தகடாகப் பரவாமல் கட்டி கட்டியாக நின்றது.

கண்டுபிடித்தது எங்கள் லேபின் சீனியர் அக்கா. “நீ அளந்து ஊத்துறதுக்கு முன்னாடி, லேசா ஆரஞ்சு நிக்கிற வரைக்கும் தொடக்கியையே சொட்டு சொட்டா விட்டு அழுக்கைக் கொல்றேல்ல? அப்புறம் எப்படிம்மா கரைப்பான் மேல தப்பு இருக்கும்? பாட்டிலை டைட்ரேட் பண்ணியா?” என்றார். பண்ணவில்லை. சான்றிதழ் இருந்ததால் தோன்றவே இல்லை.

அன்று மாலையே டைட்ரேஷன் செய்தோம், அதாவது எடை தெரிந்த அமிலத்தைத் தீர்க்க எத்தனை மில்லி ஆகிறது என்று அளந்தோம். 212 மில்லிகிராம் டைஃபீனைல் அசிட்டிக் அமிலம், அதாவது சரியாக 1 மில்லிமோல், உலர்ந்த டிஎச்எஃப் என்ற கரைப்பானில் கரைத்து, ஆர்கானில், ஐஸில் வைத்தோம். செக்-பியூட்டைல்லித்தியம் அமிலத்தைத் தீர்த்து முடித்த கணம் மஞ்சள் நிலைத்து நிற்கும். 0.71 மில்லியில் நின்றிருக்க வேண்டும். சிரிஞ்ச் 0.71-ஐத் தாண்டியது. 1.0-ஐத் தாண்டியது. 1.54-இல்தான் மஞ்சள் நின்றது. அதாவது 0.65 மோலார். பாதிக்கும் மேல் செத்த சரக்கு. அக்கா சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கை வைத்தார், எனக்கு அழுகை வந்துவிட்டது.

செக்-பியூட்டைல்லித்தியம் சூட்டில் தானாகவே பியூட்டீன் வாயுவாகவும் லித்தியம் ஹைட்ரைடாகவும் சிதையும். அடியில் கிடந்த மாவு அந்த ஹைட்ரைடு. அதற்குப் பிறகுதான் பாட்டிலை ஒழுங்காகப் பார்த்தேன். லேபிளின் ஓரத்தில் தேதி இருக்கும் இடத்தில் இன்னொரு ஸ்டிக்கர். லாட் எண்ணைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டதில், அது ஏறக்குறைய மூன்று வருடம் முந்தைய லாட் என்று பதில் வந்தது. சான்றிதழில் இருந்த லாட் எண் வேறு. வந்த அன்று எடுத்த ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் செப்டத்தில், அதாவது பாட்டிலின் ரப்பர் மூடியில், ஊசித் துளைகள் இரண்டு தெரிகின்றன. யாரோ திறந்து எடுத்து மிஞ்சியதை எங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

டீலருக்கு ஃபோன் செய்தேன். “மேடம், நீங்க ஓப்பன் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது. நாங்களும் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் அனுப்புறோம்” என்றார். ரிப்போர்ட்டையும் அனுப்பினார். அதில் 1.38. அதுதான் எனக்கு மிகவும் கோபத்தை உண்டாக்கியது. அவர்கள் செய்தது தண்ணீரில் விட்டு, வந்த காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அளந்த சோதனை. செத்துப்போன லித்தியம் ஹைட்ரைடும் தண்ணீரில் காரமாகத்தான் மாறும், காற்றுப் பட்டு உண்டான ஆல்காக்சைடும் அப்படியே. உயிரோடு இருப்பதையும் செத்ததையும் சேர்த்து எண்ணினால் எந்தப் பழைய பாட்டிலும் புதிதாகத்தான் தெரியும். இந்த வேறுபாட்டைப் பிடிக்கத்தான் கில்மன் இரட்டை டைட்ரேஷன் என்ற முறையே இருக்கிறது. யாராவது மொத்தக் காரக் கணக்கைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

பணம் இன்னும் வரவில்லை. பர்ச்சேஸ் பிரிவு மூலம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பணத்தைவிட எனக்குப் பயம் வேறு. துளை விழுந்த செப்டம், உள்ளே வாயு அழுத்தம், காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும் திரவம். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், இதற்கு நெருங்கிய உறவான டெர்ட்-பியூட்டைல்லித்தியம் சிரிஞ்சிலிருந்து சிந்தித் தீப்பிடித்து, 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் சில வாரங்களில் இறந்துபோனார். இப்படிப்பட்ட ஒன்றைப் பழைய சரக்கென்று தெரிந்தே, லேபிள் மாற்றி, ஐஸ் இல்லாமல் லாரியில் அனுப்பியிருக்கிறார்கள்.

பார்சல் வந்ததும் பிரிக்கும்போதே ஃபோட்டோ எடுங்கள். பாட்டில், செப்டம், லேபிள், ஐஸ் பேக் இருந்ததா என்று எல்லாம் தெரிய வேண்டும். லாட் எண் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். ஆர்டரிலேயே குளிர் பார்சல் என்றும், டைட்ரேஷனில் தேறினால்தான் பணம் என்றும் எழுதச் சொல்லுங்கள். டைட்ரேஷனை முதல்முறை செய்கிறவர்கள் தனியாகச் செய்யாதீர்கள், பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே உங்கள் ஃப்ரிட்ஜில் வெள்ளைப் படிவும் துளை விழுந்த மூடியுமாக ஒரு பாட்டில் இருந்தால் அதைக் குலுக்க வேண்டாம், தொடவும் வேண்டாம், முதலில் லேப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள்.

போன வாரம் வேறொருவரிடம் வாங்கிய பாட்டில் வந்தது. ஐஸ் பேக் இன்னும் பாதி உறைந்தே இருந்தது. டைட்ரேஷனில் 1.37. முதல் சாம்பிள் 15,400.