2 ஜிபி ரேம் போனில் மூன்று ஆண்டுகள்

மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருப்பது ஒரே கருவிதான். 2 ஜிபி ரேம், 16 ஜிபி சேமிப்பிடம் உள்ள போன். கணினி இல்லை, வீட்டில் வைஃபை இல்லை, கையில் காசு இருக்கும்போது போடும் டேட்டா மட்டும். வங்கி, மருத்துவரிடம் முன்பதிவு, வேலை விண்ணப்பம் எல்லாமே இதில்தான்.

போன் மேல் எனக்குக் குறை இல்லை. பேச, செய்தி அனுப்ப, வழி பார்க்க இன்றும் நன்றாகவே உழைக்கிறது. படிவம் நிரப்ப உட்காரும்போதுதான் அழுகை வருகிறது.

நாற்பது நிமிடம் தட்டித் தட்டி நிரப்பிய விண்ணப்பம். கடைசியில் ஓடிபி கேட்கும். குறுஞ்செய்தியைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் படிவம் காலியாக இருக்கும். ரேம் போதாதபோது பின்னால் இருக்கும் பக்கத்தை போன் தானாகவே மூடிவிடுகிறது. திரும்பி வந்தால் முதலிலிருந்து திறக்கிறது. என் கைத்தவறு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது பக்கத்தை விட்டு வெளியே போவதில்லை. மேலே வரும் அறிவிப்பை இழுத்துப் பார்த்து எண்ணை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். விவரங்களையும் முன்பே எழுதி வைத்துவிடுகிறேன், இல்லையென்றால் அதற்குள் ‘நேரம் முடிந்தது’ என்று வெளியே தள்ளிவிடும். இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்காக 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 என்ற நெறியே இதற்கு வழி சொல்லியிருக்கிறது: நேரம் முடியும் முன் எச்சரித்து, எளிதாக நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி கொடுக்கலாம். நான் பயன்படுத்தும் பல சேவைகளில் அது இல்லை.

சேமிப்பிடத்தில் பாதிக்கு மேல் போனின் சொந்த மென்பொருளுக்கே போய்விடுகிறது. புதுச் செயலி வேண்டுமென்றால் பழையது ஒன்றை நீக்க வேண்டும்.

மிக மோசமான அனுபவம் எண் போனதுதான். சில மாதம் ரீசார்ஜ் செய்ய முடியவில்லை, எண்ணை முடக்கிவிட்டார்கள். அந்த எண்ணுக்குத்தான் எல்லா ஓடிபியும் வரும். எண்ணை மாற்ற வங்கிக் கணக்குக்கு உள்ளே போக வேண்டும், உள்ளே போகப் பழைய எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும். வங்கிக்கே நேரில் போய் நின்றேன். இணையத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். என் பணம், என் பெயர், நான் நேரில் நிற்கிறேன். அப்படியும் நான்தான் என்று நிரூபிக்க ஆறு வாரம் ஆனது.

2024இல் உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்ததாக ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ மதிப்பிட்டது. அந்தக் கணக்கில் நான் இல்லை, இணைப்பு உள்ளவர்கள் பக்கம் இருக்கிறேன். அந்த ஆறு வாரமும் அப்படித்தான் எண்ணப்பட்டிருப்பேன்.

அப்புறம், இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஓடிபி வராவிட்டாலும் உள்ளே போக உதவும் மீட்புக் குறியீடு தரும் சேவையாக இருந்தால் இன்றே அதைத் தாளில் எழுதி வையுங்கள். போனில் படமாக வைக்க வேண்டாம், இடம் போதாமல் ஒருநாள் நீங்களே அழித்துவிடுவீர்கள்.