சேலத்துல பழைய டிராவலர் வேன் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் பழைய டெம்போ டிராவலரோ விங்கரோ வாங்கலாம்னு தேடிட்டு இருக்கறவங்களுக்காக இதை எழுதறேன். அதுலயும் ஏற்காடு ட்ரிப் ஓட்டலாம்னு வாங்கறவங்க கண்டிப்பா முழுசா படிங்க. ஆள ஏத்தி மலை ஏத்திப் பாக்காம எந்த வண்டிக்கும் பணம் குடுக்காதீங்க. பைபாஸ்ல ஓட்டிக் காட்டுனா எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும்.

என் தம்பி பல வருஷமா ஆக்டிங் டிரைவர். யாரோட வண்டியோ ஓட்டி ஓட்டி, நமக்குன்னு ஒண்ணு இருந்தா கல்யாண சீசன், கோடை விழா சீசன்ல நாலு காசு நிக்கும்னு ஆசைப்பட்டான். அம்மா நகையை வச்சு, சீட்டு எடுத்து, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டு ஒரு ஆட்டோ கன்சல்டிங்ல (பழைய வண்டி வாங்கி விக்கற கடை) 2015 மாடல் டிராவலர் வாங்குனோம். 6 லட்சத்து 40 ஆயிரம். பேர் சொல்லல, விஷயம் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறதால இப்போதைக்கு சொல்ல முடியாது. ஆனா என்ன பண்ணாங்கன்னு ஒண்ணு விடாம சொல்றேன், ஏன்னா இதே வேலையை வேற இடத்துலயும் பண்றாங்கன்னு எங்க மெக்கானிக்கே சொல்றாரு.

வண்டி பாக்கப் போனப்ப பளபளன்னு இருந்துச்சு, புது சீட் கவர், புது மேட், வாட்டர் வாஷ் பண்ணி அடில கருப்பு பெயிண்ட் அடிச்சு நிறுத்தியிருந்தாங்க. நாங்க போறதுக்கு முன்னாடியே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டிருந்தாங்க. தம்பி கேட்டான், ஹீட் ஆகுமாண்ணா, இன்ஜின் வேலை எதாச்சும் பாத்திருக்கா, ஹெட் (இன்ஜினோட மேல் பாகம்) இறக்கியிருக்கா, எத்தன ஓனர்னு. "சிங்கிள் ஓனர் தம்பி, ஸ்கூல் வண்டி மாதிரி ஓட்டுனது, இன்ஜின்ல கையே வைக்கல"ன்னு சொன்னாங்க. என்னைப் பாத்து "அக்கா, நம்பி எடுத்துட்டுப் போங்க, உங்க தம்பி மாதிரி சொல்றேன்"னாங்க. கொண்டலாம்பட்டி ரவுண்டானா வரைக்கும் போய் திரும்பி வந்தோம், டெம்பரேச்சர் ஊசி நடுவுல அசையாம நின்னுச்சு, பிக்கப்பும் இருந்துச்சு. மலைக்கு ஒரு தடவை போய் வரலாமான்னு தம்பி கேட்டதுக்கு இன்சூரன்ஸ் ரெண்டு நாள்ல முடியுது, மலையில எதாச்சும் ஆனா யார் பொறுப்பு, வாங்குனதுக்கு அப்புறம் போங்கன்னு தட்டிக் கழிச்சுட்டாங்க. இன்சூரன்ஸ் உயிரோட இருக்கறப்ப மலைக்கு மட்டும் செல்லாதாங்க? இந்த மாதிரி பதில் வந்துச்சுன்னா அங்கயே வண்டியை விட்டுட்டு வந்துருங்க.

வாங்குன கொஞ்ச நாள்லயே அம்மாப்பேட்டையில இருந்து ஒரு குடும்பம் ஏற்காட்டுல இருக்கற சேர்வராயன் கோயிலுக்குப் போகணும்னு புக் பண்ணாங்க. வயசானவங்க, குழந்தைங்க எல்லாம் இருந்தாங்க. அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பிச்சதும் வண்டி இழுக்கல, செகண்ட் கியர்லயே திணறிட்டு இருந்துச்சு, ஊசி மட்டும் அப்படியே நடுவுலயே நின்னுட்டு இருந்துச்சு. சேலம் கடல் மட்டத்துல இருந்து முன்னூறு மீட்டருக்கும் கம்மி, ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர், நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு, ஃபுல் லோடுல ஏறும்போது இன்ஜினுக்கு மூச்சு விட நேரமே இருக்காது. பாதி மலை தாண்டுனதும் டிரைவர் சீட் பக்கத்துல இருக்கற இன்ஜின் மூடி வழியா புஸ்ஸுன்னு ஆவி அடிச்சிருச்சு. முன்னாடி உக்காந்திருந்த பாட்டி கால்ல சுடுதண்ணி தெறிச்சுது, புடவை இருந்ததால தோல் போகல. தம்பி ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு கல்லு வச்சு, எல்லாரையும் இறக்கி ஓரமா நிக்க வச்சுட்டான். அந்த வளைவுல வண்டி பின்னாடி உருண்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் எனக்கு தூக்கம் வரமாட்டேங்குது.

டோ பண்ணி கீழ கொண்டு வந்து மெக்கானிக் கிட்ட விட்டோம். அவரு மீட்டர் போர்டை கழட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டுனாரு. இன்ஜின் சென்சார்ல இருந்து வர ஒயரை வெட்டி விட்டுட்டு, அதுக்கு பதிலா அரிசி சைஸ்ல ஒரு ரெசிஸ்டரை வச்சு பாடில எர்த் குடுத்து கருப்பு டேப் சுத்தியிருக்காங்க. டேப் புதுசு, அதுல தூசி கூட ஒட்டல. சூடு ஏற ஏற சென்சாரோட ரெசிஸ்டன்ஸ் குறையும், அதை வச்சுதான் ஊசி மேல போகும். இங்க ஒரே அளவு ரெசிஸ்டர் வச்சுட்டதால இன்ஜின் எரிஞ்சாலும் ஊசி நடுவுலயேதான் நிக்கும். தண்ணி கொதிக்குதுன்னு டிரைவருக்கு சொல்ல இருந்த ஒரே கண்ணை பிடுங்கி வச்சுட்டு குழந்தைங்க போற வண்டின்னு தெரிஞ்சே வித்திருக்காங்க. பணம் போனதைக் கூட விடுங்க, இதை என்னால மன்னிக்கவே முடியாது.

அதோட முடியல. சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்கு தண்ணி விடற தெர்மோஸ்டாட் வால்வையே கழட்டிப் போட்டிருக்காங்க, டவுனுக்குள்ள கொஞ்ச தூரம் ஓட்டுனா கூலா இருக்கணும்னு. ரேடியேட்டர்ல லீக்கை எம்-சீல் வச்சு அடைச்சு, உள்ள மஞ்சத்தூள் போட்டு, அது டியூப் எல்லாத்தையும் அடைச்சு சேறா கிடக்கு. ஹெட்டுக்கு அடில இருக்கற கேஸ்கெட் போயிருச்சு, ஹெட்ல கிராக். அந்த ஹெட்டை ஏற்கனவே லேத்ல குடுத்து தேய்ச்சு ஃபேஸ் பண்ணியிருக்காங்கன்னு மெக்கானிக் தடவிப் பாத்தே சொன்னாரு. இன்ஜின்ல கையே வைக்கலன்னு சொன்ன வண்டி இது.

இப்ப நீங்க வண்டி பாக்கப் போறீங்கன்னா எங்க மெக்கானிக் எங்களுக்கு சொல்லிக் குடுத்ததை சொல்றேன். சொல்லாம கொள்ளாம காலையில போங்க, இன்ஜின் ஜில்லுன்னு இருக்கணும், கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா நாளைக்கு வரேன்னு வந்துருங்க. சாவியை ஆன் பண்ணதும் டெம்பரேச்சர் ஊசி கீழ இருக்கணும், ஓட ஓட மெதுவா ஏறி நடுவுல வந்து நிக்கணும். சாவி போட்ட உடனே நடுவுக்கு ஓடிப் போய் நின்னுச்சுன்னா எங்க வண்டிக்கு பண்ண வேலையேதான். இன்ஜின் ஜில்லுன்னு இருக்கறப்பவே (சூடா இருக்கும்போது தொடவே கூடாது, முகத்துல அடிக்கும்) ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, தண்ணில விடாம குமிழ் வந்துட்டே இருந்தா கேஸ்கெட் சந்தேகம். தண்ணி மேல எண்ணெய் மிதக்குதான்னு பாருங்க. ஆயில் ஊத்தற மூடிக்கு அடில பால் கலந்த காபி கலர்ல கொழகொழன்னு ஒட்டியிருந்தா ஆயில்ல தண்ணி சேருதுன்னு அர்த்தம். ஓடும்போது அந்த மூடியை எடுத்தா புகை குபுகுபுன்னு வந்துச்சுன்னா பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேய்ஞ்சிருக்கு. சைலன்சர்ல நீலப் புகை வந்தா ஆயில் எரியுது.

அப்புறம் மலை. உங்க ஆளுங்களையே ஏத்திக்கோங்க, இல்லன்னா அரிசி மூட்டை, மணல் மூட்டை எதாச்சும் போட்டுக்கோங்க, டீசல் காசு நானே தரேன்னு சொல்லுங்க. ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகரலன்னா கிளட்ச் பிளேட் முடிஞ்சிருச்சு. பின் ஆக்ஸில் ஹவுசிங்ல ஊளை மாதிரி சத்தம் வருதான்னு காது குடுத்துக் கேளுங்க, அதுக்குள்ள இருக்கற கிரவுன் பினியன் கியரை மாத்தறது பெரிய செலவு. இறங்கும்போதுதான் பிரேக் தெரியும், ஏறுன கியர்லயே இறங்கணும், அப்படி இறங்கியும் பெடல் போகப் போக கீழ போச்சுன்னா, கருகுன வாசனை வந்துச்சுன்னா விட்டுருங்க. இன்ஜினை ஆஃப் பண்ணி பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு, மிதிச்ச மேனிக்கே ஸ்டார்ட் பண்ணா பெடல் லேசா உள்ள இறங்கணும், இறங்கலன்னா பிரேக் பூஸ்டர் வேலை செய்யல. விங்கர் பாக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அது முன் சக்கரம் இழுக்கற வண்டி, பின்னாடி லோடு ஏறி மேட்டுல போகும்போது முன்பக்கம் லேசாகிரும், அதனால முன் டயரையும் ஆக்ஸில் ஜாயின்ட்ல இருக்கற ரப்பர் உறையையும் நல்லா பாருங்க, ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சு திருப்பும்போது டக்டக்னு சத்தம் வந்தா ஜாயின்ட் போயிருச்சு.

அடில கருப்பு பெயிண்ட் புதுசா இருந்தாலே சந்தேகப்படுங்க. எங்க வண்டில அதை சுரண்டிப் பாத்தா சேஸியோட குறுக்குச் சட்டத்துல (கிராஸ் மெம்பர்) வெல்டிங், அதுவும் ரெண்டு இடத்துல. மேட்டைத் தூக்கிப் பாருங்க, தரைத் தகடு துருப்பிடிச்சிருக்கான்னு. சீட்டைக் கழட்டிட்டு லோடு ஏத்தலாம்னு வாங்கறவங்க இதை இன்னும் கவனிங்க, அதோட பாசஞ்சர் பர்மிட் வண்டில வாடகைக்கு சரக்கு ஏத்தறது தப்பு, காய்கறியோ காப்பிக்கொட்டை மூட்டையோ ஓட்டறதா இருந்தா கூட்ஸ் வண்டியாவே ஆர்.சி இருக்கறதைப் பாருங்க. டயர் பக்கவாட்டுல கடைசியா நாலு நம்பர் இருக்கும், 2318னு இருந்தா 2018ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் நிறைய இருக்குன்னு ஏமாந்துராதீங்க, தேய்ஞ்ச டயர் மேல புதுசா பட்டன் ஒட்டுன ரீபட்டன் டயரா இருக்கலாம், மலைக்கு அது ஆகாது.

பேப்பர் விஷயம். ஆர்.சில மூணாவது ஓனர்னு இருந்துச்சு, அதைக் கேட்டா "அது குடும்பத்துக்குள்ள மாத்துனது"ன்னாங்க, விசாரிச்சா அதுவும் பொய். ஆர்.சில 13 சீட், வண்டில 17 சீட் போட்டு வச்சிருக்காங்க, இந்த மாதிரி கூட்டிப் போட்ட சீட்டோட விபத்து ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கை விரிக்க அது ஒண்ணு போதும். எட்டு வருஷம் தாண்டுன வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) காட்டணும், அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. எஃப்.சி இருக்குன்னா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, எங்க வண்டிக்கும் இருந்துச்சு. பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டு எஃப்.சி, இன்சூரன்ஸ், எச்.பி (வண்டி மேல கடன் இருக்கான்னு) எல்லாம் நீங்களே பாருங்க, சலானும் பாருங்க, அவங்க காட்டற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க. ஃபைனான்ஸ் இருந்தா கடன் முடிஞ்சதுக்கான ஃபார்ம் 35ம் ஃபைனான்ஸ்காரங்க என்.ஓ.சியும் கைக்கு வந்தப்புறம்தான் மீதிப் பணம். பேர் மாத்த ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கிட்டா மட்டும் போதாது, பர்மிட்டும் உங்க பேருக்கு மாறணும், அது தனி வேலை. 2023 ஏப்ரல் 1ல இருந்து பழைய வண்டி வாங்கி விக்கற டீலர் ஆர்.டி.ஓ கிட்ட அங்கீகாரச் சான்று வாங்கியிருக்கணும், அதைக் காட்டச் சொல்லுங்க. எங்களுக்கு வித்தவங்க கிட்ட அது இல்ல.

அவங்க கிட்ட திரும்பப் போனப்ப ஒரே பதில்தான், டெலிவரி நோட்டை எடுத்துக் காட்டி "பரிசோதித்து திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்கள்ல"ன்னாங்க. வக்கீல் சொன்னது என்னன்னா, மறைச்சு வித்ததுக்கு அந்த ஒரு வரி கவசம் ஆகாது, வாதாடலாம். வாடகை வண்டி வாங்குனவங்க கன்ஸ்யூமர் இல்லன்னு அவங்க ஆரம்பிப்பாங்க, ஆனா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயே சொந்தமா ஓட்டி பொழைக்கறதுக்காக வாங்குனது வணிக நோக்கத்துல சேராதுன்னு இருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கணும். 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்குனதுக்கு ஃபீஸ் 200 ரூபா. 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைனுக்கு ஃபோன் பண்ணா வழி சொல்றாங்க. நாங்க கழட்டுன ரெசிஸ்டர், ரேடியேட்டர், ஹெட் எல்லாத்தையும் மெக்கானிக் எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டோட பத்திரமா வச்சிருக்கோம், கழட்டும்போதே வீடியோவும் எடுத்தாச்சு.

டெலிவரி நோட்டுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்தத் திருப்தி வரியை அடிச்சு விட்டுட்டு, கீழ உங்க கையால எழுதுங்க: மீட்டர் ரீடிங் இவ்வளவு, எத்தனாவது ஓனர், இன்ஜின் ஹெட் இறக்குனது இல்லன்னு விக்கறவர் சொன்னாரு, டெம்பரேச்சர் மீட்டர் ஒரிஜினல், ஆர்.சில உள்ள சீட் இத்தன, தேதி, மணி. எழுதி அவரோட கையெழுத்தையும் அதுக்குக் கீழயே வாங்குங்க. போட மாட்டேன்னா வண்டி வேண்டாம்.